சூடாமணி காத்த வாசல்

அந்தக் காலத்தில் எறும்புகளும் பேசும், வேலையும் சொன்ன பேச்சைக் கேட்கும். பத்துப் பேர் பத்து நாளில் செய்வதை நூறு பேர் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். புற்றுக்கு நூறு வாசல். ஆளுக்கொன்றாகப் புகுந்து வருவார்கள்.

கண்மாய்க் கரைப் புற்றுக்கு மூத்தவள் சூடாமணி. ஒரு வருஷம் எவளோ கவனமில்லாமல் வேற்று முட்டை ஒன்றைத் தூக்கி வந்துவிட்டாள். அதிலிருந்து வந்த புழு, குஞ்சுகளில் பாதியைத் தின்று தீர்த்தது. சூடாமணிக்கு அந்தத் துக்கம் ஆறவே இல்லை. மேட்டில் பனையடியில் புதுப் புற்றுத் தோண்டியபோது ஒரே ஒரு வாசல்தான் வைத்தாள்.

"ஒவ்வொரு முட்டையையும் நான் மோந்து பாத்தப்புறம்தான் உள்ள போகணும்" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். வேற்று வாடை அவள் மூக்குக்கு மட்டும்தான் பிடிபடும்.

குடிபெயரும் அன்று பார்த்து மேற்கே கறுத்தது. கண்மாய் பெருகினால் பழைய புற்றில் மிச்சமிருக்கும் முட்டையெல்லாம் போச்சு. பத்துப் பேர் ஓடி ஓடித் தூக்கினார்கள். தங்கை சடச்சி பக்கத்துப் புற்றுக்குப் போய் இன்னும் தொண்ணூறு பேரைத் திரட்டி வந்தாள்.

"இனி கவலைய விடுக்கா, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும்!"

முடியவில்லை. வாசலில் வரிசை பனையைச் சுற்றி நின்றது. முட்டையை வைத்துவிட்டுத் திரும்புகிறவள் வெளியே வர வழியில்லை. "அந்த மூலை முட்டைய எடுத்தாச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி நிறுத்திக் கேட்டே பொழுது போனது. ஒரே முட்டையை இருவர் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பத்துப் பேர் இருந்தபோது நடந்த வேலைகூட நடக்கவில்லை.

"மோந்து பாக்கறத நிறுத்துக்கா" என்று சடச்சி அழுதாள். "மழை வந்தா மோந்து பாக்க முட்டையே இருக்காது."

சூடாமணி வாசலை விட்டு அசையவில்லை. ஆனால் யோசித்தாள். வெளியே எத்தனை பேர் நின்றால் என்ன, உள்ளே போவது என் மூக்கின் வேகத்தில்தானே?

"பத்துப் பேரு மட்டும் தூக்குங்க. மத்த தொண்ணூறு பேரும் பழைய புத்துக்குப் போய்ச் சுத்தி மண்ணள்ளிக் கரை போடுங்க. அதுக்கு யாரும் என்கிட்ட வரவேண்டியதில்ல."

வந்தவர்கள் முகம் சுளித்தாலும் போனார்கள். மண் போட வாசல் ஏது, வரிசை ஏது? பேசி முடிப்பதற்குள் கரை எழுந்தது. தண்ணீர் வந்து அதில் முட்டி நின்றது. அந்தக் கரை தாங்கிய நேரத்தில் பத்துப் பேரும் முட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

கடைசி முட்டையோடு சடச்சி வந்தாள். "இது ஒண்ணுதான்க்கா, விட்டுரேன்."

சூடாமணி விடவில்லை. மோந்தாள். இன்னொரு முறை மோந்தாள். பிறகு அதைக் காலால் எட்டி உதைத்து, மேட்டடியில் ஓடிய வெள்ளத்தில் தள்ளினாள். அது வேற்று முட்டை.

வாசலைத் திறந்துவிடச் சொல்லி அதன் பிறகு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அன்று முதல்தான் எறும்புகள் வரிசை கட்டுகின்றன. கூட்டாகச் செய்யும் வேலைக்குள், ஒவ்வொன்றாகத்தான் கடக்க முடிகிற ஒற்றை வாசல் புகுந்ததும் அன்றுதான். கணிப்பொறியில் கணக்குப் போடும் ப்ராசஸர் பத்து இருந்த இடத்தில் நூறை வைத்துவிட்டு, வேகம் கூடவில்லையே என்று தலையைச் சொறிகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கட்டும். தொண்ணூறு பேர் வரிசையில் நிற்பார்கள். வாசலில் சூடாமணி நிதானமாக மோந்துகொண்டிருப்பாள்.