ஒன்றரைச் சுற்று

மேட்டுப்பாளையத்தில் ரெஜினாவின் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கார்புரேட்டரை மாட்டி ட்யூன் செய்தவர் யாரோ, அவர் வண்டியின் பானெட்டைத் தூக்கி, உட்பக்கம் வெள்ளைப் பெயின்டில் இரண்டு விஷயங்களை எழுத வேண்டும். காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திறந்து வைத்தார் என்பது ஒன்று. தன் பெயர் இன்னொன்று. எழுதாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

ஏகாம்பரம் அங்கே சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. ரெஜினாவுக்கு நாற்பத்து ஒன்று. முப்பது வருடம் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர். டீசலில் கார்புரேட்டர் என்ற பேச்சே கிடையாது. சொந்தப் பட்டறை இருந்த இடம் மேம்பாலத்துக்குப் போய்விட்டது. மலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு ரெஜினாவை விட்டால் ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, வெட்கத்தை விட்டு வந்து கேட்டார்.

"நாளைக்கே வாங்கண்ணா" என்றாள் அவள். ஊரே அவளை மேஸ்திரி என்றது. அவரும் அப்படியே கூப்பிட்டார்.

வெட்கத்தை விட்டு வந்தார் என்றேனே, அது முழு உண்மை இல்லை. பாதியை வேட்டியில் முடிந்து வைத்திருந்தார். எதிர் டீக்கடைக்காரர்கள் அதைச் சும்மா விடுவார்களா? "ஏனுங் ஏகாம்பரம், அம்மிணி இன்னிக்கி என்ன பாடம் நடத்துச்சு?" என்று தினமும் ஒருவர் கேட்பார். அவரும் சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பு வீடு போய்ச் சேரும்வரை வாயில் கசக்கும்.

ரெஜினா பத்து நாள் வேளாங்கண்ணி போயிருந்தபோது ஜோகி கவுடரின் லாரி வந்தது. ராணுவத்தில் கழித்துக்கட்டிய பெட்ரோல் லாரி. கோத்தகிரியிலிருந்து மண்டிக்கு கேரட் இறக்கும். கவுடரின் அப்பா வாங்கிய வண்டி என்பதால் அதை விற்க அவருக்கு மனம் வரவில்லை. டிரைவர் நஞ்சப்பன் இருபத்திரண்டு வருடமாக அதை ஓட்டுகிறவர். பழைய கார்புரேட்டர் தேய்ந்து போயிருந்தது. அதே மாடல் எங்கும் கிடைக்காமல், வேறு கம்பெனி கார்புரேட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"மேஸ்திரி இல்லாம முடியுங்களா?" என்று கேட்டார் நஞ்சப்பன். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் டீக்கடையில் நாலு பேர் காதை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் முடியாது?" என்றார் ஏகாம்பரம்.

புது கார்புரேட்டரின் அடிப்பாகம் பழைய எஞ்சினில் உட்காரவில்லை. நடுவில் வைக்க அலுமினியத்தில் ஒரு பிளேட் வெட்டினார். அரத்தால் ராவும்போது ஒரு மூலை கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டது. பேக்கிங் வைத்து முறுக்கி, எஞ்சினைக் கிளப்பினார். ஏறுவதும் இறங்குவதுமாக எஞ்சின் தடுமாறியது. வலது பின்மூலையில் மெல்ல 'உஸ்' என்று ஒரு சத்தம். பிளேட்டின் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது.

எல்லாவற்றையும் கழற்றிப் பிளேட்டை மறுபடி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரெஜினாவுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும், டீக்கடை பார்த்துக்கொண்டிருக்க. ஏகாம்பரம் இரண்டையும் செய்யவில்லை. எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடிலிங் ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றிவிட்டார். எஞ்சின் கணீரென்று பாடியது. தடுமாற்றமும் கேட்கவில்லை, 'உஸ்'ஸும் கேட்கவில்லை.

பானெட்டை மூடினார். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. எழுத மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மலையில் ஆறாவது வளைவில், நஞ்சப்பன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் அணைந்தது. மறுநாளும் அணைந்தது. மூன்றாவது தடவை வண்டி பின்னால் உருண்டு, சுவரை ஒட்டி நின்றது. ஜோகி கவுடர் போனில் கூப்பிட்டார்.

"வண்டியில ஒண்ணும் இல்லீங்க" என்றார் ஏகாம்பரம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "டிரைவர் காலுக்கு வயசாயிருச்சு போலிருக்குதுங்க. எங்க அமுக்கணும், எங்க விடணும்னு அதுக்குத் தெரியல" என்று சேர்த்தார்.

அன்று சாயங்காலமே கவுடர் சாவியை வாங்கிக்கொண்டார். நஞ்சப்பனைக் கேரட் கழுவும் இடத்தில் போட்டார்.

ஒரு மாதம் கழித்து லாரி மறுபடி பட்டறைக்கு வந்தது. புது டிரைவர், இருபத்தெட்டு வயது. "ஆறாவது வளைவுல அடிக்கடி நின்னுருதுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

ஏகாம்பரம் அவன் நடந்து போவதையே பார்த்தார். இருபத்தெட்டு வயதுக் காலுக்கு என்ன சொல்வது?

ரெஜினா பானெட்டைத் தூக்கினாள். உட்பக்கத்தைப் பார்த்தாள். வெறும் தகரம். அதை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"மேஸ்திரி," என்றார் ஏகாம்பரம், "எங்கயோ காத்து இழுக்குது போலிருக்குதுங்க. அதை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" குரலில் ஒன்றும் தெரியாத மாதிரி ஒரு சாயம் பூசியிருந்தார்.

அவள் எஞ்சினைக் கிளப்பி, ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, கொறைச்சா நின்னுடுமுங்க!"

"நிக்கட்டும்."

"துடிக்குதுங்களே மேஸ்திரி!"

"துடிக்கட்டும்ண்ணா. சத்தத்தை ஏத்தி வெச்சுட்டா, ஓட்டை பேசறது நம்ம காதுல விழாது."

இறக்கினாள். எஞ்சின் நடுங்கிக்கொண்டே ஓடியது. அவள் எண்ணெய்க் குப்பியை அவர் கையில் கொடுத்தாள். "பிளேட்டைச் சுத்தி ஒவ்வொரு சொட்டா விடுங்க. எங்க உறிஞ்சுதோ அங்க சத்தம் மாறும்."

ஏகாம்பரம் குப்பியை நேராக வலது பின்மூலைக்குக் கொண்டுபோய் ஒரு சொட்டு விட்டார். எண்ணெய் உள்ளே போனது. சத்தம் மாறியது.

ரெஜினா எஞ்சினை நிறுத்தினாள்.

"மத்த மூணு மூலையைப் பாக்கலீங்களா அண்ணா?"

அவருக்குக் காது மடல் சுட்டது. குப்பியை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பிளேட், 'உஸ்' சத்தம், டீக்கடை, நஞ்சப்பனின் கால். அந்தக் காலைப் பற்றிச் சொல்லும்போது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"பிளேட்டைக் கழட்டுங்க" என்றாள்.

புது பிளேட்டை வெட்டி, கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து, மத்தியானம் முழுக்கத் தேய்த்தார். அதன்மேல் ஸ்கேலை வைத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். இடுக்கில் வெளிச்சம் வரவில்லை. மாட்டியாயிற்று. அடுத்தது ஏர் ஸ்க்ரூ.

"முதல்ல முழுசா மூடுங்க" என்றாள் ரெஜினா. "அங்கிருந்துதான் எண்ணணும்."

ஏகாம்பரம் மூடினார். மூடி முட்டிய பிறகும் அவர் கை நிற்கவில்லை. தன்மேல் இருந்த கோபத்தையெல்லாம் ஸ்க்ரூ டிரைவரில் ஏற்றி முறுக்கினார். அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முட்டினது தெரிஞ்சதும் நிறுத்தணும்ண்ணா. இதோட முனை ஊசி மாதிரி. இன்னும் இறுக்கினா நசுங்கிடும். அப்புறம் எவ்வளவு திறந்தாலும் ட்யூன் நிக்காது."

அவர் எண்ணிக்கொண்டே திறந்தார். அரை. ஒன்று. ஒன்றரை. கிளப்பியதும் எஞ்சின் குறைந்த சத்தத்தில் அசையாமல் ஓடியது. அவள் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் நீட்டினாள். 'ஒன்றரைச் சுற்று, ஏகாம்பரம்' என்று எழுதினார். எழுத்து கோணலாக வந்தது.

"இப்ப சரியாப் போச்சுங்களா மேஸ்திரி?"

"லாரி சரியாப் போச்சு."

அவள் கையைத் துடைத்துவிட்டு லாரிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்களே கொண்டுபோய் விடுங்க. அங்க பானெட்டைத் திறந்து காட்டுங்க."

"யாருக்குங்க? கவுடருக்குங்களா?"

"யாரு காலுக்கு வயசாச்சுன்னு சொன்னீங்களோ, அவருக்கும்."

கோத்தகிரியில் கேரட் கழுவும் இடத்தில் நஞ்சப்பன் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தார். பாதம் ஊறி வெளுத்துப் போயிருந்தது. ஏகாம்பரம் அந்தப் பாதத்தைத்தான் முதலில் பார்த்தார். ஜோகி கவுடரையும் கூப்பிட்டு, பானெட்டைத் தூக்கி, எழுத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். வரும் வழியெல்லாம் பாடம் பண்ணிய வார்த்தைகளில் பாதி மறந்துபோயிற்று. "தப்பு வண்டியில. வண்டியில இல்ல, என்கிட்ட. அவரு கால்ல இல்லீங்க" என்று மட்டும் உளறிக் கொட்டினார்.

கவுடர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் வெட்கப்பட வேண்டியது இருந்தது.

நஞ்சப்பன் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "ஒரு மாசமா, வீட்டுல நாற்காலில உக்காந்து, காலை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டிருந்தேனுங்க. இதுக்கு என்ன ஆச்சுன்னு. நான் உங்களைச் சந்தேகப்படல. என் காலைத்தான் சந்தேகப்பட்டேன்."

ஏகாம்பரம் வாழ்க்கையில் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறார். இதைப் போல ஒன்று அவர்மேல் விழுந்ததில்லை.

கவுடர் சாவியை வாங்கி நஞ்சப்பனிடம் கொடுத்தார். புது டிரைவருக்குத் தன்னிடம் இருந்த சின்ன வண்டியைக் கொடுத்தார். நஞ்சப்பன் கையை மூன்று தடவை துடைத்துவிட்டு ஏறினார். ஏகாம்பரத்தைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்க" என்றார்.

இறங்கும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் நஞ்சப்பன் வேண்டுமென்றே காலை எடுத்தார். எஞ்சின் நிற்கவில்லை. ஆறாவது வளைவில் ஓரம் கட்டி, எஞ்சினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "காலு நல்லாத்தான் இருக்குது" என்றார். அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஏகாம்பரம் ஸ்பேனரைத் தொடவில்லை. பட்டறையைக் கூட்டினார். பழைய எண்ணெயை அள்ளினார். டீக்கடைக்குத் தானாகவே போய், தான் செய்ததைச் சொல்லி, தன்னை நாயே பேயே என்று திட்டிக்கொண்டார். முதல் நாள் கேட்டவர்கள் இரண்டாம் நாள் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். கேலி செய்யக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

ஏழாம் நாள் கவுடரின் லாரி வாசலில் வந்து நின்றது. புதிதாக ட்யூன் செய்த கார்புரேட்டரை, வண்டி ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். ரெஜினா எழுந்தாள்.

நஞ்சப்பன் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். "நீங்க இருங்க மேஸ்திரி. பேரு எழுதினவரு பாக்கட்டும்."

ஏகாம்பரம் விளக்குமாற்றோடு சுவர் ஓரமாக நின்றார். "எனக்கு அந்த யோக்யதை இல்லீங்க மேஸ்திரி. நீங்களே பாருங்க. நான் இப்படியே இருந்துக்கறேன்."

ரெஜினா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"ஏர் ஸ்க்ரூவை எதுவரைக்கும் மூடணும்ண்ணா?"

"முட்டற வரைக்குமுங்க."

"நீங்க முட்டி ஒரு வாரமாச்சுண்ணா," என்றாள் ரெஜினா. "இன்னும் இறுக்காதீங்க. ஊசி கெட்டுடும்."