புகையில்லாத டீசல்

ஆவாரங்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட பூபதி மகாராஜாவுக்கு இருபத்தேழு பட்டங்கள், நாற்பது டவுன் பஸ்கள். பட்டங்களைப் பாடிப் பாடிப் பளபளப்பாக வைத்திருக்கப் புலவர்கள் இருந்தார்கள். பஸ்களைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. அவை கரும்புகை கக்கிக்கொண்டு ஊரைச் சுற்றின. பஸ் நிலையத்தில் காலையில் வெள்ளையாக இருந்த இட்லி, மதியத்துக்குள் மிளகு இட்லி ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருமலோடு வாய்ப்பாடு சொன்னார்கள். மக்கள் ஆறு வருஷமாக மனு கொடுத்தார்கள். அரண்மனைக்காரர்கள் அவற்றை ஒன்றுவிடாமல் மூட்டை கட்டி அடுக்கினார்கள். சமஸ்தானத்தில் ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான்.

ஏழாம் வருஷம் ஒரு விபரீதம் நடந்தது. மகாராஜாவே இருமிவிட்டார். அதுவும் எப்போது? பஸ் நிலைய வாசலில் புலவர் அவருடைய பட்டங்களை வாசித்துக்கொண்டிருந்தபோது! பதினாறாவது பட்டத்தில் ஒரு பஸ் கிளம்பியது. பதினேழாவது பட்டம் புகைக்குள் போனது, திரும்பி வரவே இல்லை.

மறுநாளே நகரசபை உறுப்பினர்கள் ஒன்பது பேரும் அரண்மனைக்கு அழைக்கப்பட்டார்கள்.

"நம் ஊரில் காற்று கெட்டுவிட்டது" என்றார் மகாராஜா, தானே கண்டுபிடித்தவர்போல. "பஸ்ஸுக்கு நல்ல எரிபொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்."

அவையில் மனுக்களை வாசிக்கும் உத்தியோகம் செங்கமலத்துக்கு. ஆறு வருஷ மனுக்களையும், கேட்க ஆளில்லாதபோதும், உரக்க வாசித்தவள் அவள்தான். அவள் எழுந்தாள்.

"மகாராஜா, காய்கறிச் சந்தையில் மலைமலையாய் அழுகும் கழிவிலிருந்து வாயு எடுக்கலாம். பக்கத்து சமஸ்தானத்தில் அதில்தான் பஸ் ஓடுகிறது. புகையே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மூச்சு விடலாம்."

திவான் நாகலிங்க துரை தொண்டையைக் கனைத்தார். அவர் ராணியின் தம்பி. நாற்பது பஸ்ஸுக்கும் டீசல் கொடுக்கும் குத்தகையும் அவருடையதுதான். ராணியின் மாடத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். மகாராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

"செங்கமலம், புகை போக வேண்டும். ஆனால் மைத்துனரின் குத்தகை போகக் கூடாது. போனால் ராணி என்னோடு பேச மாட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் வழி சொல். முடியாவிட்டால் இந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு அதே பஸ்ஸில் கண்டக்டராகப் போய்விடு."

திவான் சும்மா இருக்கவில்லை. புகை அளக்கும் கருவியோடு அன்றே பணிமனைக்குப் போனார். சாயங்காலத்துக்குள் நாற்பது பஸ்ஸும் தேறிவிட்டன என்று ஊரெல்லாம் தண்டோரா.

செங்கமலம் பணிமனைக்கு ஓடினாள். மெக்கானிக் பிச்சைமுத்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, புகை இல்லைங்கிறாங்களே, நிஜமா?"

"நிஜந்தாம்மா. எஞ்சினை அணைச்சிட்டு அளந்தாங்க."

"அணைச்சிட்டா?"

"ஓடவிட்டா கருவி கறுத்துப்போயிடுமாம். துரை உத்தரவு. அதோ, அந்த மூலையில நிக்குதே, அதுல எஞ்சினே கிடையாது. அதுக்குத்தான் முதல் மார்க்கு."

செங்கமலம் சிரித்தாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது உள்ளே நாற்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் இருமினார்கள். அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவை கூடியது. திவான் பச்சைப் பட்டில் எழுதிய அறிக்கையை விரித்தார்.

"இன்றுமுதல் நம் டீசலின் பெயர் பசுமை டீசல்! புகையின் அளவு, பூஜ்யம்!"

"டீசலில் என்ன மாற்றினீர்கள்?" என்று மகாராஜா ஆவலாகக் கேட்டார்.

"பெயரை" என்றார் திவான்.

ஒன்பது உறுப்பினர்களும் கைதட்டினார்கள். காலையில்தான் திவான் வீட்டில் அவர்களுக்கு பாதாம் அல்வா விருந்து.

"செங்கமலம், நீ என்ன சொல்கிறாய்?"

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மகாராஜா. திவான் அளந்த முறை சரியான முறைதானா?"

திவானுக்கு முகம் சிவந்தது. "எஞ்சினை அணைத்து, பஸ்ஸை அமைதியாக நிறுத்தி, நிதானமாக அளந்தோம். அரச முத்திரை குத்திய முறை. இதைச் சந்தேகிப்பது மகாராஜாவையே சந்தேகிப்பது!"

"ஐயோ, நான் சந்தேகிக்கவில்லை. இந்த அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன். குத்தகையும் திவானிடமே இருக்கட்டும்."

அவை வாயைப் பிளந்தது. திவான் மீசையை முறுக்கினார்.

"ஒரு சின்ன வேலை பாக்கி" என்றாள் செங்கமலம். "வருஷத்துக்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்று நகரசபை எழுத வேண்டும். அதையும் அதே முறையில் அளந்தேன். எஞ்சினை அணைத்து, அமைதியாக நிறுத்தி, நிதானமாகப் பார்த்தேன். நாற்பது பஸ்ஸும் ஒரு சொட்டு டீசல் குடிக்கவில்லை. ஆகவே திவான் தர வேண்டிய டீசல், பூஜ்யம்."

"அதெப்படி? ஓடவிட்டுத்தானே அளக்க வேண்டும்!" என்று திவான் குதித்தார்.

"அப்படியா? இதோ, பணிமனையிலிருந்து கருவியையும் ஒரு பஸ்ஸையும் வாசலுக்கே வரவழைத்திருக்கிறேன். ஓடவிட்டுப் புகை, டீசல் இரண்டையும் சேர்த்தே அளந்துவிடலாமா?"

திவான் பட்டென்று உட்கார்ந்தார்.

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. ராணியின் மாடத்திலிருந்தும் களுக்கென்று ஒரு சத்தம். அதைக் கேட்டபிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது. பஸ்கள் இனிச் சந்தை வாயுவில் ஓடும் என்று அறிவித்தார். நகரசபை அதையும் கைதட்டி ஏற்றது. அவர்களுக்குக் கை தட்டத் தெரியும். புதிய எரிபொருளுக்கான பொறுப்பு முழுவதும் செங்கமலத்துக்கு வந்தது, கூடவே ஒரு முத்துமாலையும்.

திவான் மெல்ல எழுந்தார். "குத்தகை இருக்கிறது, டீசல் பூஜ்யம். அப்படியானால் என் டாங்கர் லாரிகள் இனி வெறுமையாகத்தான் வர வேண்டுமா?"

"தாராளமாக வரட்டும் திவான் அவர்களே" என்றாள் செங்கமலம். "எஞ்சினை மட்டும் அணைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்."