புள்ளச்சியின் மூக்கடைப்பு

ஆடும் மரமும் வாய் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஆட்டுக்குட்டிகள் கத்துவதே இல்லை. தெரியாமல் இல்லை, விடவில்லை. நரி காதில் விழுந்துவிடும் என்று பெரிய கிடா முறுக்கன் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தது. தாய் ஆடு மேய்ந்துவிட்டு வரும், புதரோரம் ஒண்டிக் கிடக்கும் குட்டிகளின் வாலடியை முகரும், தன் குட்டிக்கு மடி கொடுக்கும். மூக்கு இருக்கும்போது வாய் எதற்கு என்று மந்தையே நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில்தான் மண் விழுந்தது. கருவேலமரம் மஞ்சளாகப் பூத்தால் போதும், புள்ளச்சி என்கிற வெள்ளாட்டுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். முதல் வருஷம் நாலு தும்மலோடு போனது. மறு வருஷம் கண்ணில் நீராய்க் கொட்டியது. இந்த வருஷமோ மூக்கே அடைத்து, பாவம், வாயைப் பிளந்துகொண்டு மூச்சு விட்டது. தும்பைச் செடியில் மூக்கைத் தேய்த்தது. எந்த ஆடும் சீந்தாத ஆடாதோடையைக்கூட மென்று பார்த்தது. வாய் கசந்ததுதான் மிச்சம். மரத்திடம் போய் நியாயம் கேட்டால், காய் மட்டும் இனிக்குதோ, பூ ஆகாதோ என்று அது திருப்பிக் கேட்டது. புள்ளச்சி தும்மிக்கொண்டே திரும்பிவிட்டது.

இந்த வருஷம்தான் புள்ளச்சி தலைச்சன் குட்டி போட்டிருந்தது. மேய்ச்சல் முடிந்து பொழுது சாயும் நேரத்தில் வந்து குட்டிகளை முகர்ந்தால், ஒன்றிலும் வாடை இல்லை. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே தொங்கு காது. நேற்றும் இதே கூத்துதான். ஒரு குட்டி மடியைத் தேடி வந்தது. யார் பெற்றதோ என்று புள்ளச்சி முட்டித் தள்ளியது. இன்னொன்றை நக்கப் போனால், அதன் தாய் வந்து புள்ளச்சியை முட்டியது. பிறகும் ஒரு குட்டி வந்தது. தள்ளிவிட்ட குட்டியே மறுபடி வந்ததா, இல்லை இது வேறா? அதுவும் விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் முட்டியது. மடியோ பால் கட்டி வலித்தது. பெற்ற பிள்ளை நேற்றிலிருந்து பட்டினி, இன்றைக்கும் பால் இல்லை என்றால் பிழைக்காது, அது எதுவென்றே தெரியவில்லையே என்று புள்ளச்சிக்குத் தலை சுற்றியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கத்துங்க பிள்ளைகளா. எது என் பிள்ளையோ, அது கத்தட்டும்."

முறுக்கன் பதறி ஓடி வந்தது. "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? நரி வரும்."

"நரி வந்தா முட்டுவேன் மாமா. பட்டினி வந்தா எதை முட்டுறது?"

அப்போது புதருக்குள்ளிருந்து, எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத ஒரு குட்டி ஈனக் குரலில் கத்தியது.

"ம்மே. ரெண்டு தடவை முட்டித் தள்ளினியே, அது நான்தாம்மா."

புள்ளச்சி ஓடிப் போய் அதன் வாய்க்கு நேராக மடியை வைத்தது. சத்தம் கேட்டு நரியும் வரத்தான் செய்தது. மந்தை மொத்தமும் கொம்பைத் தாழ்த்தி நின்றதைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனது.

மூக்கடைப்பு மட்டும் தீர்ந்தபாடில்லை. அன்று முதல்தான், மந்தை திரும்பும் வேளையில் குட்டிகள் தெருவே அதிரக் கத்துகின்றன. தாயும் பதிலுக்குக் கத்திக்கொண்டு ஓடி வருகிறது. வந்தும் சந்தேகம் தீராமல், ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மடி கொடுக்கிறது.