குச்சி தூக்கிய நரி

ஒரு காட்டில், ஓடைக்கரை மருத மரத்தடியில், ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. காட்டில் ஏது பள்ளிக்கூடம் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் கதையை இங்கேயே நிறுத்திவிடுவேன், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அங்கே இருந்தது ஒன்றாம் வகுப்பு மட்டும்தான். பன்னிரண்டு குட்டிகள். டீச்சர் பெயர் காரி, ஓர் எருமை. அவருக்குக் கோபம் வராது. வந்தால் லேசில் போகாது.

அதே காட்டில் சூரப்பன் என்று ஒரு நரி இருந்தான். சூரம் பெயரில் மட்டும்தான். முன்னங்காலில் முள் ஏறிச் சீழ் வைத்து, ஓட முடியாமல் மூன்று நாளாகக் கிடந்தான். முந்தாநாள் ஒரு நண்டு கிடைத்தது, அதுவும் செத்த நண்டு. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் செத்துப்போவோம் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. நிஜமாகவே பயந்து போயிருந்தான்.

அன்று காலை ஓடையில் தண்ணீர் குடிக்க வந்த முயலம்மாவும் பன்றியப்பாவும் பேசிக்கொண்டது, புதருக்குள் கிடந்த அவன் காதில் விழுந்தது.

"வருஷம் முடியப் போகுது அண்ணே. என் பொண்ணு துத்தி இன்னும் 'அ'வைத் தாண்டலை" என்றாள் முயலம்மா.

"என் பையன் மொச்சை மட்டும் என்ன கிழிச்சான்? ஏழுக்கு அப்புறம் ஒன்பதுங்கிறான். எட்டு எங்கடான்னு கேட்டா, 'அது இன்னிக்கு லீவுப்பா'ங்கிறான்!"

"அப்ப ஒரு வருஷமா என்னதான் கத்துக்குடுத்தாங்க?"

"நில்லுன்னா நிக்கிறான், உட்காருன்னா உட்கார்றான். வரிசையாப் போன்னா போறான். வேற ஒரு மண்ணும் தெரியாது. இன்னிக்கு அதுவும் இல்லை. டீச்சருக்கு அக்கரையில ஏதோ பயிற்சியாம். பிள்ளைங்க சும்மாதான் உட்கார்ந்திருக்குதுங்க."

சூரப்பன் காதை நிமிர்த்தினான். நில்லு என்றால் நிற்கும் இரை! வரிசையாகத் தன் குகைக்கே நடந்து வரும் இரை! விரட்ட வேண்டாம், நொண்டிக்கொண்டு ஓட வேண்டாம். அடடா, கல்வி என்றால் இதுவல்லவா கல்வி!

வழியில் கிடந்த ஒரு குச்சியை எடுத்துக்கொண்டான். வாத்தியார் ஆவதற்கு அது போதும் என்று நினைத்தான். அவனைப் போல நினைக்கிறவர்கள் ஊருக்குள்ளும் உண்டு.

மருத மரத்தடியில் அவன் கால் வைத்ததும் பன்னிரண்டு குட்டிகளும் சடாரென்று எழுந்து நின்றன.

"வ...ண...க்...க...ம்... ஐ...யா..."

சூரப்பனின் நாக்கில் எச்சில் ஊறியது. "உட்காருங்க கண்ணுகளா. உங்க டீச்சர் என்னை அனுப்பினாங்க."

"நன்...றி... ஐ...யா..."

"சரி, எல்லாரும் வரிசையா எழுந்து..."

"ஐயா! அட்டெண்டன்ஸ் எடுக்கலை ஐயா!" என்றாள் முயல்குட்டி துத்தி. அவள்தான் வகுப்புத் தலைவி. "எடுக்காம எங்கேயும் போகக் கூடாது ஐயா."

சூரப்பனுக்கு ஒரு பெயரும் தெரியாது. "பன்னி" என்றான். "உள்ளேன் ஐயா." "மான்" என்றான். "உள்ளேன் ஐயா." அடுத்து "முயல்" என்றதும் மூன்று குட்டிகள் உள்ளேன் என்றன, அதில் ஒன்று முள்ளம்பன்றி. அதைப் பற்றி நாலு பேர் புகார் சொன்னார்கள். ஒருவழியாக முடித்தபோது வெயில் ஏறிவிட்டது.

"இப்ப வரிசையா..."

பன்றிக்குட்டி மொச்சை ஒற்றைக் குளம்பை உயர்த்தினான். "ஐயா, ஒண்ணுக்கு."

"போய்த் தொலை."

ஒருவனுக்கு வந்தால் எல்லாருக்கும் வந்துவிடும், அது ஒன்றாம் வகுப்பின் சட்டம். பன்னிரண்டும் போயின. திரும்பி வந்ததும் ஒருத்தி இரண்டு விரல் காட்டினாள். அவள் வரும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஐயா, இவன் என் பல்பத்தைத் தின்னுட்டான்!"

"ஐயா, இவ என்னை அம்மா சத்தியமா கிள்ளினா!"

"ஐயா, எனக்கு மூக்கு ஒழுகுது."

சூரப்பன் மூக்கைத் துடைத்துவிட்டான். வேறென்ன செய்வது? ஒழுகும் மூக்கோடு தின்ன அவனுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. பசியோ குடலைப் பிடுங்கியது. "கடவுளே, இதை அந்த எருமை தினமும் எப்படிச் சமாளிக்குது?" என்று வாய்க்குள் முனகினான்.

"ஐயா, நீங்க பேசுறீங்க. பேசுறவங்க பேரை நான் டீச்சர்கிட்ட சொல்லணும். உங்க பேரு என்ன ஐயா?" என்றாள் துத்தி.

போதுமடா சாமி என்றாகிவிட்டது. எல்லாரையும் எழுப்பி வரிசையில் நிறுத்தினான். முன்னால் நிற்பவரின் வாலைப் பின்னால் நிற்பவர் பிடித்துக்கொண்டார். வால் போதாதவரின் காலைப் பிடித்தார்கள். முதலில் நின்றவள் துத்தி. சூரப்பன் குச்சியை உயர்த்தி, பாறைக்குப் பின்னாலிருந்த தன் குகையைக் காட்டி, மெல்லச் சொன்னான்.

"சத்தம் போடாம என் பின்னாடி குகைக்கு வாங்க."

காரி டீச்சர் குச்சி வைத்திருந்தது எதற்கென்று அவன் யாரையாவது கேட்டிருக்கலாம். அடிப்பதற்கு அல்ல. மரப்பட்டையில் கீறிய எழுத்தைத் தொட்டுக் காட்டுவதற்கு. குச்சி மேலே போனால், டீச்சர் சொல்வதைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக அவர்கள் சோறு இல்லாமல்கூட இருந்திருப்பார்கள், இதைச் செய்யாமல் இருந்ததில்லை.

"சத்தம் போடாம என் பின்னாடி குகைக்கு வாங்க!" என்று பன்னிரண்டு தொண்டைகளும் காடு அதிரக் கத்தின.

சூரப்பன் பதறி அக்கரையைப் பார்த்தான். "ஷ்ஷ்! கத்தாதீங்க!"

"ஷ்ஷ்! கத்தாதீங்க!"

"ஐயோ, எருமைக்குக் கேட்டுடப் போகுது!"

"ஐயோ, எருமைக்குக் கேட்டுடப் போகுது!"

குச்சியைக் கீழே போட்டிருந்தால் பிழைத்திருப்பான். கோபத்தில் அதை இன்னும் உயரத் தூக்கி ஆட்டினான். "பசியோட இருக்கிற நரிகிட்ட வேணாம்! கடிச்சுத் தின்னுடுவேன்!"

பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு தரம் சொன்னார்கள்.

சொன்ன பிறகுதான் துத்திக்கு உறைத்தது. நரி! அதற்குள் சூரப்பன் அவள் காதைக் கவ்வி இழுத்தான். ஒரு முயல்குட்டி எவ்வளவு கனம் இருந்துவிடப் போகிறது? ஆனால் வரிசையை விடக் கூடாது என்பது டீச்சர் சொல். ஒருவரும் பிடியை விடவில்லை. துத்தியை இழுத்தால் மான்குட்டி வந்தது, மானை இழுத்தால் மொச்சை வந்தான், மொச்சையோ அசைகிற பிள்ளையே இல்லை. நொண்டிக் காலோடு பன்னிரண்டு பேரை இழுத்துக்கொண்டு நரி எங்கே போவது?

"டீச்சர்! டீச்சர்! இவரு என் காதைக் கடிக்கிறாரு டீச்சர்!" என்று அழுதுகொண்டே புகார் சொன்னாள் துத்தி. அழுகையிலும் 'இவரு' என்ற மரியாதை குறையவில்லை.

ஓடைத் தண்ணீர் இரண்டாகப் பிளந்தது. பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்த காரி டீச்சரைக் கண்டதும் சூரப்பனின் வாய் தானாகத் திறந்து காதை விட்டது. டீச்சர் கொம்பைத் தாழ்த்தினார், நிமிர்த்தினார். அவ்வளவுதான். சூரப்பன் மருத மரத்து உச்சியை எட்டிப் பார்த்துவிட்டு, காரைமுள் புதருக்குள் போய் விழுந்தான்.

சத்தம் கேட்டுப் பெற்றவர்களும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். முயலம்மா துத்தியின் காதை நக்கி நக்கி அழுதாள். பன்றியப்பா மொச்சையை இழுத்து முன்னால் நிறுத்தினார். "எல்லாரும் இருக்காங்களா? எண்ணுடா!" என்றார். மொச்சை எண்ணினான். பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று வந்தது. எட்டு எங்கே என்று அப்பா இந்தத் தடவை கேட்கவில்லை.

காரி டீச்சர் கீழே கிடந்த குச்சியை எடுத்து, முள் புதரைக் காட்டினார். "உள்ளே யாரு?"

"உள்ளே யாரு?" என்றார்கள் பிள்ளைகள்.

"ஐயோ அம்மா!" என்று புதருக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

குச்சி இன்னும் மேலேதான் இருந்தது. பன்னிரண்டு குட்டிகளும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ராகம் போட்டுச் சொன்னார்கள்:

"ஐ...யோ... அ...ம்...மா...!"

நீதி: சின்னப் பிள்ளைகளின் படிப்பை இளப்பமாக எண்ணி உள்ளே நுழையாதே, மிச்சப் பாடம் உன் முதுகில் நடக்கும்.