ஸ்டோர் ரூம் கதவு

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

அப்போ எங்க ஆஸ்பத்திரியில் முப்பதே படுக்கை. சிவப்புச் சிமெண்ட் தரை; காலையில் துடைத்துவிட்டால் குனிந்து தலை வாரிக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு. இன்றைக்கு அந்த இடத்தில் ஐந்து மாடி நிற்கிறது. நான் அங்கே சலவை அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்த காலம்.

மேட்ரன் பெயர் ரூபவதி. அவருக்கு ஒரு சிஷ்யர் உண்டு என்றால் சிரிப்பீர்கள். நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் மேனேஜராக வந்த தில்லைநாயகம்தான் அது. மேட்ரனைவிட நாலு வயசு மூத்தவர்.

"எனக்குப் பஞ்சு தெரியும், நோய் தெரியாது. நீங்கதான் வாத்தியார்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

ஒருநாள் குப்பைக்குப் போகிற மஞ்சள் பையைப் பிரித்தார். உள்ளே உடைக்காத குளுக்கோஸ் பாட்டில்கள், பிரிக்காத ஊசிகள். எல்லாம் தேதி முடிந்தவை.

"மேட்ரனம்மா, பிரிக்காத மருந்து ஏன் குப்பைக்கு வருது?"

"வார்டுல கேளுங்க."

அவர் கேட்கவில்லை. முதலில் ஸ்டோர் ரூமுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். மஞ்சள் பை இன்னும் கனத்தது. பிறகு தேடினார். மெத்தைக்கு அடியில், மாதா படத்துக்குப் பின்னால், கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கிற பெட்டியில் என்று எங்கே கை விட்டாலும் சாமான். பிரசவ வார்டு நர்ஸ் ஜெயராணியின் அலமாரியைத் திறந்தபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். எட்டு டிரிப் செட்.

"இது திருட்டும்மா."

"நான் வீட்டுக்குக் கொண்டு போகலையே, ஸார். இது என் அவசரம்."

ஒளித்து வைப்பதற்கு நர்ஸுகள் வைத்திருந்த பெயர் அது. உன் அவசரம் எங்கடி, என் அவசரத்துல ஒண்ணு தரட்டுமா என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள்.

"அவசரம்னா ஸ்டோர்ல வாங்கணும்."

"போன ஆனியில ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் நிக்கல, ஸார். ஓடினேன். பூட்டியிருந்துச்சு. சாவி சாப்பிடப் போயிருந்துச்சு. அந்தப் பொண்ணு பிழைச்சது அவ அதிர்ஷ்டம்."

மேனேஜர் வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். திருட்டுப் பெயரோடு வெளியே போகிற நர்ஸை அந்த வட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்காது. ஜெயராணி சலவை அறைக்கு வந்து போர்வைக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மேட்ரன் போய் மேனேஜரிடம் கேட்டார்.

"கையெழுத்துக்குப் பத்து நாள் பொறுங்க. அதுவரைக்கும் ஸ்டோர் சாவி ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும்."

வாத்தியார் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? கொடுத்தார்.

மேட்ரன் அந்தச் சாவிகளால் கடைசியாக ஒரு தடவை இரண்டு பூட்டையும் திறந்தார். ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவையே கழற்றச் சொன்னார். இரண்டு முக்காலி போட்டு, அதன்மேல் கதவைப் படுக்க வைத்து, அத்தனை சாமானையும் அதில் பரப்பினார்.

"கதவில்லாத ஸ்டோரா? மில்லுல இப்படி வச்சா மறுநாள் மில்லே இருக்காது, அம்மா!"

"பஞ்சுக்கு ரத்தம் வராது, ஸார்."

மத்தியானத்துக்குள் கதவு காலி.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"திரும்ப நிரப்புங்க."

நிரப்பினார். மறுநாளும் காலி. முனகிக்கொண்டே நிரப்பினார். மூன்றாம் நாள் பாதி மிஞ்சியது. ஐந்தாம் நாள் ஆளுக்கு ஒன்று, இரண்டோடு போனார்கள். ஏழாம் நாள் எனக்கு வேலை கூடிவிட்டது. நான் மாசக் கணக்கில் பார்க்காத போர்வைகளெல்லாம் சலவைக்கு வந்தன. ஒன்றின் மடிப்பில் பல்லி முட்டை!

பத்தாம் நாள் கதவில் இடமில்லை. யார் எப்போது கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்தார்.

"இவ்வளவும் இங்கேயேதான் இருந்துச்சா?"

"இங்கேயேதான்."

"கொஞ்ச நாளைக்கு எதுவும் வாங்கவே வேண்டாம் போலிருக்கே."

"ஜெயராணி கடிதம்?"

மேனேஜர் தன் மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது வேற, அம்மா. இவங்க தானாக் கொண்டாந்து வச்சவங்க. அந்தப் பொண்ணு கையும் களவுமா மாட்டினவ. இன்னிக்கு விட்டா நாளைக்கு என்னை யாரு மதிப்பா?"

மேட்ரன் சட்டென்று திரும்பினார். தன் அறைக்குப் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைச் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்த இரண்டு குளுக்கோஸ் பாட்டிலையும் ஒரு டிரிப் செட்டையும் கொண்டுவந்து, மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்த கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மேனேஜர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். தேதி முடிந்து இரண்டு வருஷம்.

"என்னம்மா இது?"

"என் அவசரம். நீங்க தேடாம விட்டது என் பீரோ ஒண்ணைத்தான். எனக்கும் ஒரு கடிதம் அடிக்கச் சொல்லுங்க, ஸார். ரெண்டுலயும் சேர்த்தே கையெழுத்துப் போட்டிரலாம்."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவரிடம் நீட்டினார்.