மேற்படி ரசம் தொடர்பாக

ஓர் ஊரில் ஒரு மேஜை இருந்தது. அதன்மேல் ஒரு பென்சில், ஒரு செல்போன், ஆபீஸ் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய டைப்ரைட்டர். முன்னால் தலையில் கைவைத்தபடி தணிகாசலம். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் இருபத்தாறு வருஷம் டைப் அடித்தவர்.

விருந்தாளிகள் முன்னால், மனைவி வடிவு வைத்த ரசத்தை, "இது ரசமா, வெந்நீரா?" என்று கேட்டுவிட்டார் மனுஷன். சும்மா இருந்திருக்கலாம். இவர் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்? "மனசார மன்னிப்புக் கேட்டா வரேன், இல்லாட்டி இல்லை" என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாளாக அவருக்குப் பன்னும் டீயும்தான். வெறும் வீட்டைப் பார்க்கப் பார்க்க அழுகையே வந்தது.

"என்னை எடுங்க, நிதானமா எழுதலாம்" என்றது பென்சில். 'அன்புள்ள' என்று எழுதியது. "கொஞ்சம் ஓவரா இருக்கோ?" என்று பின்பக்க ரப்பரால் அழித்தது. எழுதியது, அழித்தது, எழுதியது, அழித்தது. கடைசியில் தாளில் ஓட்டைதான் மிஞ்சியது.

"தள்ளு, சந்தேகப் பிராணி!" என்றது செல்போன். "அவர் ஒரு எழுத்தைத் தொட்டாப் போதும், மீதியை நான் பார்த்துக்கறேன்."

அவர் 'ம'வைத் தொட்டார். 'மனமார்ந்த திருமண வாழ்த்துகள்' என்று முடித்து, பூங்கொத்தும் சேர்த்து அது அனுப்பியே விட்டது.

"அடப்பாவி!"

"எல்லாரும் அதைத்தானே அனுப்பறாங்க?" என்றது செல்போன்.

டைப்ரைட்டர் 'டிங்' என்று சிரித்தது. "முறையா எழுத என்னை விட்டா யாரு?" படபடவென்று அடித்தது: 'பொருள்: ரசத்தைப் பழித்தது – வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக.'

"இதை அனுப்பினா அவ ஜென்மத்துக்கும் வரமாட்டா!" என்று கத்தினார் தணிகாசலம். "உங்க சங்காத்தமே வேண்டாம். நானே போய் என் வாயால கேட்டுக்கறேன்."

"தாராளமா போய்ட்டு வாங்க" என்றது டைப்ரைட்டர்.

கதவைத் திறந்தாள் வடிவு. அவருக்கு மனசு நிறைய என்னென்னவோ இருந்தது. வாயைத் திறந்தார்.

"மேற்படி ரசம் தொடர்பாக..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடி முயன்றார். "தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன்... நகல், மாமியார் அவர்களுக்கு, தகவலுக்காக."

"கிடைச்சுது மாப்பிள்ளை!" என்று அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

வடிவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். "உங்க மனு பரிசீலனையில இருக்கு. முப்பது நாள் கழிச்சு வந்து பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

தணிகாசலம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த 'முப்பது நாளை' அவர் எத்தனை பேருக்கு அடித்து அனுப்பியிருக்கிறார்! அவர்களில் ஒருத்தருக்காவது முப்பதாம் நாள் பதில் போனதாக அவருக்கு ஞாபகம் இல்லை.