மலைவழியில் முதற்சொல்

பின்பனிக் காலத்தின் கடைசி நாட்கள். புல்மலையின் சரிவில் இருந்த சிறிய மடத்தின் வாசலில், விடிந்தும் விடியாததுமாக, புலவர் ஏகாம்பரம் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நின்றார். புறப்படவும் இல்லை, உள்ளே திரும்பவும் இல்லை.

அவர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய ஆசான் நாச்சியம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். அந்த அம்மையை வாதில் வெல்வதற்கென்றே ஒரு காலத்தில் மலையேறி வந்தவர் ஏகாம்பரம். வென்றாரா தோற்றாரா என்பதை எவரும் அறியார். திரும்பிப் போகவில்லை என்பது மட்டும் ஊரறிந்தது.

"செருப்பு வாரைக் கட்டிவிட்டீரா, புலவரே?"

"கட்டிவிட்டேன், அம்மை. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. அதற்கு விடை தெரியாமல் ஓரடியும் வையேன்."

"கேளும்."

"மலைக்கு அந்தப்புறம் ஆற்றங்கரையில் இருக்கும் என் அண்ணன் ஆள் அனுப்பியிருக்கிறான். மூச்சிரைப்பு முற்றிவிட்டதாம். அடுத்த பனிக்காலம் வரை இருப்பது ஐயமாம். ஒருமுறை வந்து போகச் சொல்கிறான். இன்று வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டேன்."

"அண்ணன் என்று தொடங்கி அவன் என்று முடிக்கிறீர். சரி, கேள்வி எங்கே?"

"நாங்கள் பேசிக்கொள்ளாமல் பல்லாண்டு ஆயின. நேரில் கண்டதும் முதலில் பேச வேண்டியவர் யார்? அவனா, நானா?"

நாச்சியம்மை சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதும் ஒரு தவம் என்று அவர் முகம் சொல்லிற்று.

அண்ணன் தம்பி இருவரும் தந்தையிடமே யாப்புப் பயின்றவர்கள். பேரவை ஒன்றில் ஏகாம்பரம் தம் வெண்பாவைப் படித்து முடித்தார். அவை தலையசைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் தாண்டவராயர் எழுந்து, "மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது" என்றார். சீரும் சீரும் இணைய வேண்டிய இடத்தில் ஓசை முறிந்துவிட்டது என்பது அதன் பொருள். வெண்பாப் பாடுபவருக்கு அதனினும் பெரிய தலைகுனிவு இல்லை. அன்று அவையைவிட்டு இறங்கியவர் அண்ணன் முகத்தில் விழிக்கவே இல்லை.

"உண்மையில் தளை தட்டியதா?" என்று கேட்டார் நாச்சியம்மை.

"தட்டவில்லை! இதோ, அலகிட்டே காட்டுகிறேன்."

"வேண்டாம், நம்புகிறேன்."

"நம்புகிறீர்கள் அல்லவா? அப்படியென்றால் நியாயம் என் பக்கம். மேட்டில் நிற்பவன் நான், பள்ளத்தில் நிற்பவன் அவன். பள்ளத்தில் இருப்பவன்தானே அண்ணாந்து பார்த்து முதலில் அழைக்க வேண்டும்? அழைக்காவிட்டால் வாசலிலிருந்தே திரும்பிவிடுவேன். என்ன சொல்கிறீர்கள்? விடை தாருங்கள்."

"எந்த விடை? கேட்டவருக்குத் தருவது ஒரு விடை. பிரிந்து போகிறவருக்குத் தருவது ஒரு விடை. சிவபெருமான் ஏறி வருகிற விடையும் இருக்கிறது. உமக்கு எது வேண்டும்?"

"முதலாவது."

"அது வழியில் கிடைக்கும், வாரும். ஆற்றுக்கு மேலுள்ள கடைசித் திருப்பம் வரை நானும் வருகிறேன். இரவுக்கு எனக்கு மேய்ச்சல்காரர் குடில் இருக்கிறது."

ஏற்றம் செங்குத்தாக இருந்தது. ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் பனியில் கருகிய புல், வெயில் படாத இடங்களில் உப்புப் பூத்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. கால்பட்ட இடமெல்லாம் நொறுங்கிற்று. ஏகாம்பரத்தின் வாயிலிருந்து சொல்லுக்குப் பதிலாக வெண்புகை வந்தது.

எதிரே ஒருவன் கழுதைமேல் கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினான். தொலைவிலேயே குரல் கொடுத்தான்.

"கும்பிடறேன் சாமி! மேல பாறைத் திருப்பத்துல வழுக்குது. உள்பக்கமா ஒதுங்கி வாங்க!"

ஏகாம்பரம் வாய் திறக்கவில்லை. வலக்கையை மார்பளவு உயர்த்தி, ஆசி வழங்குவதுபோல் இறக்கினார்.

சற்று மேலே இரண்டு பெண்கள், துடைப்பத்துக்கான சீமாற்றுப் புல்லைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள்.

"வாங்கம்மா, வாங்க பெரியவரே! உச்சியில காத்து ஆளையே தூக்குது. காதை நல்லா இறுக்கிக் கட்டிக்குங்க!"

மறுபடியும் கை உயர்ந்து தாழ்ந்தது.

உச்சியை அடைந்ததும் ஒரு பாறையில் அமர்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பின் ஏகாம்பரம் சொன்னார்:

"பார்த்தீர்களா, அம்மை? இந்த மேட்டு மக்களுக்கு எழுத்தறிவு குறைவு, பண்போ மிகுதி. நரைக்கும் கல்விக்கும் இங்கே மதிப்பு இருக்கிறது. கண்டதும் வாய் நிறைய அழைக்கிறார்கள்."

"நீர் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லையே?"

"பெரியவர்கள் கையை உயர்த்தினால் போதாதா?"

"போதும், போதும்" என்றார் நாச்சியம்மை. ஏற்றம் முழுவதும் அந்த அம்மையும் தலையை மட்டுமே அசைத்து வந்தார் என்பதை ஏகாம்பரம் கவனிக்கவில்லை.

உச்சிக்கு அப்பால் புல்வெளி விரிந்து கிடந்தது. அலை எழுந்த கடல் அப்படியே உறைந்து நின்றதுபோல் மேடும் மடிப்புமாக, கண் எட்டும் வரை புல். மடிப்புகளில் மட்டும் இருண்ட சோலைகள். அவற்றின் விளிம்பில் இலையுதிர்க்காத மலைப்பூவரசுகள், கடுங்குளிரைப் பொருட்படுத்தாமல் சிவப்பாய்ப் பூத்திருந்தன. ஓடையின் ஓரங்களில் கண்ணாடிபோல் மெல்லிய பனித்தகடு. அதன் அடியில் நீர் ஓசையின்றி ஓடிற்று.

எதிர்ப்பாறையில் வரையாடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. விரலகலப் பிடிமானத்தில் குளம்பை வைத்து, நின்று, அடுத்த குளம்பை வைத்து, ஒரு கல்லும் உருளாமல் இறங்கின. ஏகாம்பரம் தம் குளிரை மறந்து நின்றார்.

"எங்கேனும் முறிகிறதா, பாருங்கள்! தளை தட்டாத நடை என்றால் இதுவல்லவா!"

"இந்த அவையில் உம் அண்ணன் இல்லை. அச்சமின்றிப் பாராட்டும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரைந்து நடந்தார். விரைந்ததன் பயன் அடுத்த மடிப்பிலேயே தெரிந்தது. பாதையின் நடுவில் திமில் பருத்த காளை ஒன்று நின்றது. அவரைப் பார்த்து மூச்சை உரக்க விட்டது.

"அம்மை! வழியில் காளை!"

"மூன்றாவது விடை தானாகவே வந்து நிற்கிறதே. கேட்டதற்கு மேலேயே உமக்குக் கிடைக்கிறது."

"விளையாடாதீர்கள்!"

"நான் விளையாடவில்லை. அதுவும் விளையாடுகிறதாகத் தெரியவில்லை. ஒதுங்கும்."

புலவர் ஒதுங்கினார். ஒதுங்கிய இடம் பச்சைப் பசேலென்று இருந்தது. பனி எரித்த மலையில் அந்த ஓரிடம் மட்டும் ஏன் பசுமையாக இருக்கிறது என்று எண்ணுவதற்குள் அவர் கால் கணுக்காலளவு சேற்றில் இறங்கிவிட்டது.

நண்பகல் கடந்து இறக்கம் தொடங்கிற்று. கீழே பள்ளத்தாக்கில் ஆறு வெள்ளிக் கம்பியாகத் தெரிந்தது. காற்றின் கடுமை குறைந்தது. மண்ணில் ஈர வாசம் ஏறிற்று. உருகிய பனி பாதையோடு பாதையாக வழிந்து, படிக்கற்களின் பாசியைப் பளபளக்கச் செய்தது.

உப்பு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஏறி வந்தார். ஏகாம்பரம் நின்று, முகத்தைத் தகுந்தபடி அமைத்துக்கொண்டு, வணக்கத்துக்காகக் காத்திருந்தார். அந்தப் பெண் அவரை ஏறிட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார்.

அடுத்து, கோயில் அண்டா ஒன்றைக் கம்பில் கோத்துத் தோளில் சுமந்தபடி நால்வர் ஏறினார்கள். அவர்களும் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் வணக்கம் இல்லை, கேள்விதான் இருந்தது. நால்வரும் வாய் திறவாமலே கடந்தார்கள்.

"கண்டீர்களா?" என்று வெடித்தார் ஏகாம்பரம். "இதுதான் ஆற்றுப்பக்கத்தார் குணம்! முகத்துக்கு நேரே வந்தும் ஒரு சொல் இல்லை. என் அண்ணன் பாடம் சொன்ன ஊர் வேறு எப்படி இருக்கும்?"

நாச்சியம்மை அவரைக் கடந்து முன்னே நடந்தார்.

கீழேயிருந்து ஒருவன் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்த தலையோடு ஏறி வந்தான். நாச்சியம்மை நின்று குரல் கொடுத்தார்.

"வாப்பா! மேலே மூங்கில் திருப்பத்தில் சேறு. மலைப்பக்கமாக ஒட்டிப் போ. உச்சியில் வழியை மறித்து ஒரு காளை நிற்கிறது."

அவன் முகவாயை மட்டும் உயர்த்திவிட்டுக் கடந்தான். மேல் வளைவை அடைந்து, மூச்சு வாங்கிய பின், அங்கிருந்து கூவினான்:

"நல்லா இருங்கம்மா! கூட வர்ற பெரியவருக்கு வாயில ஏதும் நோவா?"

ஏகாம்பரத்தின் காது மடல் சிவந்தது.

"நோவாம்! கேட்டீர்களா, அம்மை?"

"மலைவழக்கம், புலவரே. இறங்குபவர்தாம் முதலில் பேச வேண்டும். மேலே வழி எப்படி என்று கண்டு வந்தவர் அவர். ஏறி வருபவருக்கு மூச்சு இருக்காது."

ஏகாம்பரம் சிறிது நேரம் சேறு காய்ந்த தம் செருப்பையே பார்த்தார்.

"அப்படியென்றால் காலையில் என்னை வணங்கியவர்கள்?"

"வழுக்குகிறது என்றார்கள்."

ஆற்றின் ஓசை மெல்ல மெல்லப் பெருகிற்று. ஈரக்கல் ஒன்றில் ஏகாம்பரத்தின் கால் சறுக்கிற்று. நாச்சியம்மை தம் கைக்கம்பை நீட்டினார். அவர் அதைப் பற்றிக்கொண்டு இறங்கினார்.

கடைசித் திருப்பத்தில் வெயில் சாய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. கீழே படிக்கற்களில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். சால்வை போர்த்த மெலிந்த உடல், கையில் ஊன்றுகோல். நான்கு கல் ஏறுவார், நிற்பார். நின்று நெஞ்சை அழுத்திக்கொள்வார், மறுபடி ஏறுவார். பாதத்தை வெளிப்புறமாகச் சாய்த்து வைக்கும் அந்த நடையை ஏகாம்பரம் அறிவார். தந்தையின் நடை அது.

"வீட்டில் படுத்திருக்கிறான் என்றல்லவா ஆள் வந்து சொன்னது?" என்றார் தமக்குத்தாமே.

தாண்டவராயர் தலையை நிமிர்த்தினார். தம்பியைக் கண்டுவிட்டார். அவர் வாய் திறந்தது. ஒலி வரவில்லை. தோள்கள் மட்டும் ஏறி இறங்கின.

ஏகாம்பரத்தின் வாய் மூடியே இருந்தது. கையும் உயரவில்லை. காற்றில் நாணல் உரசுவது கேட்டது. நாச்சியம்மை அவருக்குப் பின்னால் நின்றார்.

தாண்டவராயர் ஊன்றுகோலை முன்னே நகர்த்தி, அடுத்த படிக்காகக் காலைத் தூக்கினார். அந்தக் கல் நனைந்து பச்சையாக மின்னிற்று.

"அண்ணா, நில்லுங்கள்!" மலை திருப்பிச் சொல்லும்படி எழுந்தது ஏகாம்பரத்தின் குரல். "அந்தக் கல்லில் பாசி! கால் வைக்காதீர்கள்! இப்படி, உள்பக்கமாக வாருங்கள்!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக உள்பக்கம் திரும்பி, உலர்ந்த கல்லில் ஊன்றிற்று.

அதற்குள் ஏகாம்பரம் நான்கு படிகள் இறங்கி, அண்ணனின் முழங்கையைப் பற்றியிருந்தார். தாண்டவராயர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். மிகுந்த முயற்சியோடு சொற்களைத் தேடிப் பிடித்தார்.

"அன்றைக்கு… அந்த மூன்றாம் அடி…"

மூச்சு அங்கே அறுந்தது.

"அது கிடக்கட்டும், அண்ணா. முதலில் மூச்சு வாங்குங்கள்."

அண்ணனைக் கல்லில் அமர்த்தி, தம் கம்பளியை எடுத்து அவர் தோளில் சுற்றிய பிறகே ஏகாம்பரத்துக்கு ஆசானின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். நாச்சியம்மை மேட்டை நோக்கித் திரும்பி நின்றார். கம்பு முதற்படியில் ஊன்றியிருந்தது.

"அம்மை, காலையில் நான் கேட்ட விடை…"

"முதலாவதை நீரே உரக்கச் சொல்லிவிட்டீர். இரண்டாவதை நான் தருகிறேன், புலவரே."